கட்டன் சாயாவில் சோப்பு காய்ச்சலாமா?

கேள்வி: எங்கள் குடும்பஸ்ரீ குழுவில் சிலர் சேர்ந்து வீட்டிலேயே தேங்காயெண்ணெய் சோப்பு செய்கிறோம். சுற்றிலும் தேயிலைக் காடு இருக்கும்போது அதைச் சேர்க்காமல் விடுவானேன் என்று, தண்ணீருக்குப் பதிலாகக் கட்டன் சாயாவில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தோம். கன்னங்கரேலென்று ஆகி, மூக்கைத் துளைக்கும் வாடையும் வந்தது. கெட்டுப்போய்விட்டதா? 'கஃபீன் சோப்பு' என்று பெயர் போட்டு விற்கலாமா? ஆன்லைனில் கஃபீன் பொடியே கிடைக்கிறதாம். அதை வாங்கிச் சேர்த்தால் இன்னும் நல்லதா?
*– வாசகி, வண்டிப்பெரியார்*

பதில்: கெடவில்லை. தேயிலைக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்கள் கடுங்காரத்தில் பட்டால் அப்படித்தான் கறுக்கும். வாடை, சோப்பு காய்ந்து முற்றும்போது பெரும்பாலும் போய்விடும். அடுத்த முறை சாயாவை நன்றாக ஆறவிட்டு, முடிந்தால் ஐஸ்கட்டியாக உறையவைத்து, அதில் காஸ்டிக்கைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போடுங்கள். சர்க்கரை போட்ட சாயா வேண்டாம், கலவை தாறுமாறாகச் சூடேறும். வீட்டில் அலுமினியப் பாத்திரம்தான் அதிகம் இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். காஸ்டிக் பட்டால் பொங்கி ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் போதும்.

இனி கஃபீனுக்கு வருவோம். கணக்குப் போட்டால் உங்களுக்கே விளங்கிவிடும். காய்ந்த தேயிலையில் கஃபீன் ஏறக்குறைய 3 சதவீதம். 10 கிராம் தூளைக் கொதிக்கவைத்தால், முழுவதும் இறங்கியது என்றே வைத்துக்கொண்டாலும், 300 மில்லிகிராம். ஒரு கிலோ எண்ணெயில் 100 கிராம் சோப்பு 14 வரை வரும். ஆக, ஒரு சோப்பில் 20 மில்லிகிராம். அரை கிளாஸ் சாயாவில் இருப்பதுதான். அதை ஒரு மாதம் தேய்த்துக் குளித்தால் ஒரு குளியலுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதிலும் ஒரு பங்கு காஸ்டிக்கின் காரத்திலும் சூட்டிலும் சிதைந்து வேறு பொருளாகிவிடும். மிச்சம் நுரையோடு சாக்கடைக்குப் போகும்.

கஃபீன் தோலுக்குள் நுழையாது என்று நான் சொல்லவில்லை. நுழையும். தோல் வழியே ஒரு பொருள் எவ்வளவு போகிறது என்று அளக்கும் ஆய்வகங்கள் கஃபீனையே ஒப்பீட்டுப் பொருளாக வைத்துக்கொள்கின்றன. ஆனால் அங்கே அது தோலின்மேல் பல மணி நேரம் கிடக்கிறது. நம் ஊர்க் குளிரில் சோப்பு உடம்பில் நிற்பது ஒரு நிமிடமா, இரண்டா? 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'ஷவர் ஷாக்' என்றொரு சோப்பு, ஒரு குளியலுக்கு 200 மில்லிகிராம் கஃபீன் என்று சொல்லி விற்றது. வேடிக்கைப் பரிசாக வாங்கலாம். தூக்கம் கலைந்திருந்தால் அது தண்ணீரால் கலைந்ததாகத்தான் இருக்கும்.

பொடி விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். ஒரு தேக்கரண்டி தூய கஃபீன் பொடி 28 கப் காபிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்பதே மேல்வரம்பு. 5 முதல் 10 கிராம் உள்ளே போனால் உயிர் போகலாம். பார்வைக்கு அது வெள்ளைப் பொடி. லயத்து வீட்டில் சமையலும் சோப்பு வேலையும் நடப்பது ஒரே அறையில். குழந்தைகள் உள்ள இடத்தில், தோலுக்கு எட்டாத ஒரு பலனுக்காக அதை வாங்கி வைப்பானேன்?

சாயாவைச் சேர்ப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. அது தரும் பழுப்பு நிறம் அழகு. காய்ச்சி இறுத்த தூளை நன்றாக உலர்த்தி, நைஸாக அரைத்து, அரை கிலோ எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி போட்டால் கால் பாதத்துக்கு நல்ல தேய்ப்பு. முகத்துக்கு ஆகாது, கீறும். 'தேயிலைச் சோப்பு' என்று பெயர் வையுங்கள், பொய்யில்லை. விற்பதானால் அழகுப்பொருள் விதிகள் 2020-இன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். குழுவாகச் செய்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று: நான்கு முதல் ஆறு வாரம் காயவிட வேண்டும் என்பது வெயில் ஊர்க் கணக்கு. ஜூன், ஜூலை மழையில் உங்கள் ஊரில் அது போதாது. சோப்பின்மேல் முத்து முத்தாக நீர் பூத்தால் பயப்படாதீர்கள். வீட்டுச் சோப்பில் தங்கியிருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே வீக்கம். கடையில் விற்கும் 5 சதவீத கஃபீன் சீரத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா?
*– வாசகி, குமுளி*

பதில்: சாதாரணச் சூட்டில் 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் கஃபீன்தான் கரையும். கொதிநீரில் 5 கிராம் எளிதாகக் கரையும், ஆனால் ஆறியதும் மிகுதி ஊசி ஊசியாகப் படிந்துவிடும். கண்ணருகே தடவுகிற பொருளில் ஊசிப் படிகம் எதற்கு? கம்பெனிக்காரர்கள் வேறு கரைப்பான்களைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். தண்ணீர் உள்ள எந்தப் பூச்சிலும் பதப்பொருள் சரியான அளவில் இல்லாவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். நம் ஊர் ஈரத்தில் சொல்லவே வேண்டாம். டிகாஷனையும் கற்றாழையையும் கலந்து பாட்டிலில் மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கஃபீன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் தாய்லாந்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கண் வீக்கம் குறைய முக்கியக் காரணம் கஃபீன் அல்ல, ஜெல்லின் குளிர்ச்சியே என்று கண்டார்கள். எனவே குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணி போதும். வீக்கம் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேயிலைக் கழிவிலிருந்துதான் கஃபீன் எடுக்கிறார்களாமே. ஃபாக்டரியில் கேட்டு வாங்கி நாங்களே எடுக்கலாமா?
*– வாசகர், பீர்மேடு*

பதில்: எடுப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கழிவு, நல்ல தூளில் கலப்படமாகிவிடக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. உரிமம் இல்லாமல் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பிரித்தெடுக்கக் கரைப்பான்கள் வேண்டும். வீட்டு அடுப்பில் ஆகிற வேலையில்லை.

கேள்வி: டிகாஷனால் தலையை அலசினால் முடி வளருமா?
*– வாசகி, ஏலப்பாறை*

பதில்: ஆய்வகத் தட்டில் வைத்த மயிர்க்கால்களில் கஃபீன் பலன் காட்டியதாக ஜெர்மனியில் 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே நாட்டுக் கஃபீன் ஷாம்பு ஒன்று, முடி கொட்டுவதைக் குறைக்கும் என்று பிரிட்டனில் விளம்பரம் செய்தபோது, ஆதாரம் போதாது என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் அதைத் தடுத்துவிட்டது. டிகாஷனால் நரை சில நாள் மங்கித் தெரியும். வெள்ளைத் தலையணை உறையை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.