தொடக்கப்பள்ளியில் இத்தனை பாடங்கள் ஏன்?

தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளையின் கால அட்டவணையைக் காணும் பெற்றோர் சிலர் வியப்படைகின்றனர். தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றோடு நன்னெறிக் கல்வி, உடற்கல்வி, நலக்கல்வி, ஓவியம், இசை ஆகியனவும் அதில் இடம்பெற்றுள்ளன. நான்காம் ஆண்டில் வரலாறும் சேர்ந்துகொள்கிறது. "எழுதப் படிக்கத் தெரிந்து, கணக்கும் போடத் தெரிந்தால் போதாதா? படம் வரைவதும் பாட்டுப் பாடுவதும் எதற்கு?" என்னும் கேள்வி தோட்டத்துக் குடும்பங்களில் எழுவது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

அன்றைய தோட்டப்பள்ளி

ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால், அத்தோட்டத்தின் நிர்வாகம் பள்ளி ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் பயனாகத் தோட்டங்களில் பள்ளிகள் பல தோன்றின. ஆயினும், அவற்றுள் பலவற்றில் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் கவனித்தார். கற்பித்தவை பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமே. பிள்ளை வளர்ந்து பால்வெட்டத்தானே போகிறது, அதற்கு இவ்வளவு போதும் என்ற எண்ணமே அக்கல்விக்கு எல்லை வகுத்தது. குறுகிய கல்வி குறுகிய வழியையே காட்டிற்று. தந்தையின் உளி மகனின் கைக்கு வந்தது. வேறு வழி உண்டென்பதையே அம்மகன் அறியவில்லை.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, எம்மொழிப் பள்ளியாயினும் பாடங்களின் உள்ளடக்கம் பொதுவாக இருத்தல் வேண்டும் என வலியுறுத்தியது. 1983ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், வாசிப்பு, எழுத்து, கணிதம் என்னும் மூன்று அடிப்படைத் திறன்களுக்கு முதலிடம் தந்தது. இசையையும் ஓவியத்தையும் உடற்கல்வியையும் அது ஒதுக்கிவிடவில்லை. 2011ஆம் ஆண்டில் அதனிடத்தில் வேறொரு கலைத்திட்டம் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டு மாணவர்க்கு வரலாறு தனிப்பாடமாயிற்று. ஆக, தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் ஒரே வகைப் பாடங்களைப் பயிலும் நிலை படிப்படியாக உருவானது. நம் முன்னோர்க்குக் கிடைக்காத பேறு இது.

ஒரு மரம், பல பாடங்கள்

பாடங்கள் தனித்தனியே பிரிந்து நிற்பனவல்ல. நாம் நாள்தோறும் காணும் ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம்.

விடியுமுன்னே மரம் வெட்டச் செல்கிறோமே, ஏன்? அந்நேரத்தில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற, இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறும்; அழுத்தம் தணியும்; பாலும் குறையும். பாலில் பார்மிக் அமிலம் சேர்த்தால் அது உறைகிறது. அம்மோனியா சேர்த்தால் உறையாமல் இருக்கிறது. இவையெல்லாம் அறிவியல்.

ஒரு தொழிலாளி 25 கிலோ பால் கொண்டுவருகிறார். அதில் உலர் ரப்பர் 32 விழுக்காடு எனில், அவருக்குரிய கணக்கு 8 கிலோ. விழுக்காடு தெரிந்த பிள்ளை தந்தையின் ஊதியச் சீட்டைப் படித்துச் சரிபார்க்க வல்லது. இது கணிதம்.

இம்மரம் இந்நாட்டுக்கு உரியதன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்க நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். நாம் இங்கு இருப்பது எதனால் என்று வினவக் கற்பிப்பது வரலாறு.

மழைநீர் தேங்கிய மங்கில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வெட்டாத மரங்களின் மங்குகளைக் கவிழ்த்து வைத்தால் டிங்கிக் காய்ச்சலின் அபாயம் குறையும். இது நலக்கல்வி.

இனி, ஓவியத்திற்கு வருவோம். பட்டையின் ஆழமறிந்து, மரத்தின் உட்பகுதி புண்படாமல் வெட்டுவதற்குக் கண்ணும் கையும் இசைந்து இயங்க வேண்டும் என்பது அனுபவமிக்க தொழிலாளர் அறிந்ததே. அத்தகைய இசைவைப் பிள்ளையின் இளங்கையில் வளர்ப்பதே ஓவியப் பயிற்சி. கோடு நேராக வரையப் பழகிய கை, எழுத்தையும் அழகுற எழுதும். நாளை இயந்திரத்தையும் மருத்துவக் கருவியையும் தடுமாறாமல் கையாளும். இசையோ உற்றுக் கேட்கவும் பிறரோடு ஒத்துப் பாடவும் பழக்குகிறது. கணக்கில் பின்தங்கிக் கூச்சத்தோடு இருக்கும் பிள்ளை, பாட்டிலோ பந்தாட்டத்திலோ பாராட்டுப் பெறும்போது, பள்ளியை விரும்பத் தொடங்குகிறது. அவ்விருப்பம் கணக்குப் பாடத்திற்கும் துணையாகும்.

தேர்வில் வராத பாடம்

1988ஆம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைபெற்று வந்தது. அதில் வினா வந்த பாடமே பாடம், மற்றவை பொழுதுபோக்கு என்ற மனப்பான்மை பலரிடம் வேரூன்றியது. 2021ஆம் ஆண்டில் அத்தேர்வு அகற்றப்பட்டது. மனப்பான்மை மட்டும் இன்னும் முற்றாக அகலவில்லை. ஓவிய வேளையிலும் கணக்குப் போடச் சொல்லலாமே எனக் கேட்கும் பெற்றோர் இன்றும் உளர். உடற்கல்வி உள்ள நாளில்தானே, வீட்டுவேலைக்கு நிறுத்திக்கொள்வோம் என நினைப்போரும் உளர். மொழியும் கணிதமும் அடித்தளம் என்பதில் ஐயமில்லை. அவற்றில் தளர்ச்சி கூடாது. ஆனால், அடித்தளம் இட்டதோடு வீடு முடிந்துவிடுவதில்லை.

பெற்றோர் செய்யத்தக்கவை

"நாங்களே அதிகம் படிக்கவில்லை, பிள்ளைக்கு என்ன உதவி செய்ய முடியும்?" என்று தயங்க வேண்டியதில்லை. பின்வருவனவற்றைச் செய்யப் பெரும்படிப்புத் தேவையில்லை.

1. கால அட்டவணையைச் சுவரில் ஒட்டி, இரவில் பிள்ளையுடன் சேர்ந்து பையை அடுக்குங்கள். வண்ணப் பென்சிலும் விளையாட்டு உடையும் பாடநூலைப் போன்றே தேவையானவை.

2. இன்று பள்ளியில் என்ன கற்றாய் எனக் கேட்டு, பிள்ளையை விளக்கிச் சொல்லச் செய்யுங்கள். பிறர்க்கு விளக்கும்போதுதான் கற்றது மனத்தில் பதியும்.

3. உங்கள் தொழிலறிவைச் சொல்லுங்கள். பால் எவ்வாறு உறைகிறது, மழைநாளில் ஏன் மரம் வெட்டுவதில்லை என்பனவற்றைப் பிள்ளை உங்களிடமே கேட்டறியலாம்.

4. பள்ளி மதிப்பீட்டு அறிக்கையில் எல்லாப் பாடங்களையும் பாருங்கள். பிள்ளை எதில் சிறந்து விளங்குகிறது என ஆசிரியரிடம் கேளுங்கள். குறையை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள்.

5. எந்தப் பாடமுள்ள நாளாயினும், காரணமின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருத்தல் கூடாது.

ஏழு வயதுப் பிள்ளை எதிர்காலத்தில் என்னவாகும் என்பதை எவராலும் கூற இயலாது. எத்துறையில் அதன் ஆற்றல் மறைந்திருக்கிறது என்பதைக் கண்டறிய ஆறு ஆண்டுகள் உள்ளன. அக்காலத்தில் ஒரு வாயிலை மட்டும் திறந்து, மற்றவற்றை நாமே அடைத்துவிடலாகாது. பிள்ளை தோட்டத்திலேயே தொழில் செய்ய விரும்பினாலும், வேறு துறைக்குச் செல்ல விரும்பினாலும், அது தானே தேர்ந்த வழியாக இருக்கட்டும். அத்தகைய உரிமையை அதற்கு அளிப்பவை இப்பாடங்களே. அவற்றுள் ஒன்றையும் சிறிதென எண்ணாது, நம் பிள்ளைகளை ஊக்குவிப்போமாக.