நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டு

ஒரு காரியத்தைத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். தொடங்கியது முடிவுறாமைக்குக் காரணம் ஆற்றற் குறைவே என்று நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆயின், ஆற்றல் மிக்கோரும் தம் கருத்தை வரம்பின்றிப் பெருக்கிக்கொண்டு, நாளை நாளை என்று நாள் கடத்தி, இறுதியில் அதனைக் கைவிடுதல் கண்கூடு. காலத்தையும் கருவியையும் வேண்டுமென்றே சுருக்கிக்கொண்டால் இக்குறை நீங்குமோ என்பது ஆராயத்தக்கதொரு வினா. கணினி விளையாட்டுகளைத் தம் விருப்பத்தின் பொருட்டே ஆக்குவோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவிற்கு விடை தேடி வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடையை நம் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போட்டியின் இயல்பு

குறித்த கால எல்லைக்குள், கொடுக்கப்பட்ட ஒரு பொருளைத் தழுவி, ஒரு கணினி விளையாட்டை முற்றும் ஆக்கி முடிக்கும் போட்டிக்குக் 'கேம் ஜாம்' என்று பெயர். இத்தகைய போட்டிகளுள் நெடிது நிலைத்துப் புகழ்பெற்றது 'லூடம் டேர்' என்பது. லத்தீன் மொழியில் இத்தொடர்க்கு 'விளையாட்டைக் கொடுத்தல்' என்பது பொருள். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெஃப் ஹவுலண்ட் என்பார் இதனைத் தோற்றுவித்தார். முதற்கண் 24 மணி நேரமே தரப்பட்டது. பின்னர் அது 48 மணி நேரமாக நீட்டப்பட்டது.

பொருளைப் பங்குகொள்வோரே வாக்களித்துத் தேர்வர். எனினும், முடிவான பொருள் இன்னதென்பது போட்டி தொடங்கும் வேளையிலேதான் வெளிப்படும். 2011 டிசம்பரில் 'தனிமை' என்பதும், 2013 டிசம்பரில் 'உனக்கு ஒன்றே உண்டு' என்பதும் பொருள்களாய் அமைந்தன. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்லும் நம் புலவர் வழக்கத்தை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். ஈற்றடி முன்னரே தெரிந்துவிட்டாற் புலவன் வீட்டிலேயே பாடி எடுத்து வந்துவிடுவான் அன்றோ!

இப்போட்டியின் கடும் பிரிவில், நிரல் எழுதுதல், சித்திரம் வரைதல், ஒலி அமைத்தல் ஆகிய யாவற்றையும் ஒருவரே அக்காலத்துள் புதிதாகச் செய்தல் வேண்டும். எழுதிய நிரலையும் பிறர் காணுமாறு வெளியிடல் வேண்டும். குழுவாகச் செய்ய விரும்புவோர்க்கு 72 மணி நேரமுள்ள இலகுவான பிரிவொன்று பின்னர் ஏற்பட்டது. வென்றோர்க்குப் பணமோ பதக்கமோ இல்லை. ஆக்கிய விளையாட்டே ஆக்கியோன் பெறும் பரிசு. நடுவர் குழுவும் இல்லை. பங்குகொண்டோர் ஒருவர் விளையாட்டை மற்றொருவர் ஆடிப் பார்த்து, புதுமை, சுவை, பொருட்பொருத்தம், சித்திரம், ஒலி முதலிய கூறுகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் இடுவர். தான் பட்ட பாட்டைத் தானும் பட்டவன் இடும் மதிப்பெண்ணாதலின், அதற்கு ஒரு தனிப் பெறுமதி உண்டு.

பழங்கோலம் ஏன்?

இப்போட்டிகளிற் பிறக்கும் விளையாட்டுகளிற் பல, நாற்பது ஆண்டுகட்கு முந்திய விளையாட்டுகளைப்போலப் பெரிய புள்ளிகளாலும் சில நிறங்களாலும் அமைந்திருத்தலைக் காணலாம். இது பழமைப் பற்று மட்டும் அன்று. இதனுள் ஒரு கணக்கு உண்டு.

1989-இல் வெளிவந்த 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியின் திரை, குறுக்கே 160 புள்ளிகளும் நெடுக்கே 144 புள்ளிகளும் உடையது. மொத்தம் 23,040 புள்ளிகள்; சாயல்கள் நான்கே. இன்று பெருவழக்காயுள்ள 1920-க்கு 1080 என்னும் அளவுடைய திரையிலோ 20,73,600 புள்ளிகள்; அஃதாவது முன்னதைப்போல் 90 மடங்கு. அன்றியும், கேம் பாயின் திரை, பக்கத்திற்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாற் பரப்பப்படுவது. ஒரு வரிசைக்கு 20 சதுரங்களாக 18 வரிசைகள் அடுக்கினால் 360 சதுரங்களில் திரை நிறைந்துவிடும். கல்லுக்கு ஒரு சதுரம், நீருக்கு ஒரு சதுரம், சுவருக்கு ஒரு சதுரம் என வரைந்துகொண்டு அவற்றையே மீண்டும் மீண்டும் பதித்தால் ஒரு கோட்டையும் எழும். ஒரு காடும் தோன்றும். இரு நாட்களே உள்ள தனி மனிதனுக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவைகளையே விதியாகக் கொண்ட போட்டியும் உண்டு. 'ஜிபி ஜாம்' என்பதில் 160-க்கு 144 புள்ளிகளையும் நான்கு நிறங்களையும் மீறுதல் ஆகாது. 2012-இல் தோன்றிய மற்றொரு போட்டியில், முழு விளையாட்டும் சுருக்கிக் கட்டப்பட்ட நிலையில் 13 கிலோபைட்டுக்குள் அடங்குதல் வேண்டும். அக்காலத்திற் கருவியின் வறுமையாற் பிறந்த வரம்பு, இக்காலத்தில் விரும்பி மேற்கொள்ளும் நோன்பாயிற்று.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

'பைகோ-8' என்பது பழைய கருவிகளைப்போல் கற்பனையாக வகுக்கப்பட்டதொரு பொறி. இதன் திரை 128-க்கு 128 புள்ளிகள், நிறங்கள் 16. 2015-ஆம் ஆண்டில் மேடி தார்சன், நோயல் பெரி என்னும் இருவர் இதனைக் கொண்டு நான்கே நாட்களில் 'செலஸ்டி' என்னும் விளையாட்டை ஆக்கினர். ஒரு சிறு உருவம் மலையேறுகிறது. அது குதிக்கும், அந்தரத்தில் ஒரு முறை பாயும், மீண்டும் பாய வேண்டின் நிலத்தில் காலூன்ற வேண்டும். பாய்ச்சல் எஞ்சியிருக்கிறதா என்பதை ஆடுவோன் அறிவது எங்ஙனம்? அவ்வுருவத்தின் கூந்தல் சிவப்பாயிருந்தால் பாயலாம். நீலமாயின் பாய்ச்சல் தீர்ந்தது. எழுத்து வேண்டா; எண் வேண்டா; சில புள்ளிகளின் நிறமாற்றமே போதும். இடமின்மை எவ்வாறு தெளிவைப் பிறப்பிக்கின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? இவ்விதையே வளர்ந்து 2018 ஜனவரியில் பெரிய விளையாட்டாக வெளிவந்து, அவ்வாண்டிற் சிறந்த தனிமுயற்சி விளையாட்டு என்னும் விருதையும் பெற்றது. பழைய சிறு விளையாட்டைப் பெரியதன் உள்ளே ஓரிடத்தில் மறைத்து வைத்து, ஆக்கியோர் தம் நன்றியையும் காட்டியுள்ளனர்.

இரண்டாவது, 'டைட்டன் சோல்ஸ்'. மேற்கூறிய 'உனக்கு ஒன்றே உண்டு' என்னும் பொருளுக்காக 2013-இல் மூவர் இயற்றியது. ஆடுவோன் கையில் அம்பு ஒன்றே. எய்தபின் அதனையே மீட்டெடுத்தல் வேண்டும். உயிரும் ஒன்றே, ஓர் அடி விழுந்தால் முடிந்தது. எதிர் நிற்கும் பேருருவத்தையும், மறைந்துள்ள உயிர்நிலையை அறிந்து எய்தால் ஓர் அம்பே வீழ்த்திவிடும். கொடுத்த பொருளை மேலே ஒட்டாமல் வேரிலே ஊன்றியமையால், மூன்று நாட் பயிற்சி 2015 ஏப்ரலில் முழு நூலாக மலர்ந்தது எனலாம்.

ஓர் ஆட்சேபம்

'விரைவிற் செய்தது விரைவிற் கெடும். இங்ஙனம் அவசரத்தில் ஆக்குவதாற் கலை வளருமா?' என்று ஒருவர் வினவலாம். இவ்வினா தள்ளத்தக்கதன்று. இப்போட்டிகளில் எழும் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை சில நிமிடங்கள் ஆடப்பட்டு மறக்கப்படுவனவே. சில, முடியாமலே நின்றுவிடும். இரவு முழுதும் கண்விழித்து உடலை வருத்திக்கொள்வோரும் உளர். அது வீரம் அன்று, பேதைமையே. உறங்காதவன் எழுதிய நிரலிற் பிழை மலியும். அப்பிழையைத் தேடுவதிலே எஞ்சிய நேரமும் அழியும். மேலும், 'ஃப்ளாஷ்' என்னும் மென்பொருளைக் கொண்டு ஆக்கிய விளையாட்டுகள் பல, அதற்குரிய ஆதரவு 2020-ஆம் ஆண்டு முடிவில் நின்றமையால் எளிதில் ஆட இயலாதனவாயின.

எனினும், இப்போட்டியின் பயன் விளையாட்டில் மட்டும் தங்கியதன்று, ஆக்கியோனிடத்தும் தங்குவது. முதல் நாட் காலையில் அவன் பத்து நாடுகளும் நூறு போர்களும் உள்ள பெருங்கதையை எண்ணுகிறான். மாலையில் ஒரு நாடு போதும் என்கிறான். இரண்டாம் நாளில் ஓர் அறையும் ஒரு கதவும் ஒரு திறவுகோலும் மிஞ்சுகின்றன. அவ்வறையைப் பிறர் நுழைந்து ஆடுமாறு முடித்து வைக்கிறான். தான் எண்ணியதில் எது உயிர், எது ஆடை என்று பிரித்தறியும் இவ்வறிவு, நீண்ட கால அவகாசத்தில் எளிதாக வாய்ப்பதன்று. கத்தரிக்க வேண்டிய கட்டாயத்திலேதான் பிறக்கிறது. குறையுள்ள தன் படைப்பை நாணாது அவையில் வைத்துப் பிறர் கூறும் குற்றத்தைக் கேட்கும் துணிவும் உடன் பிறக்கிறது.

முடிவுரை

மாணவ நண்பர்களே, கட்டுரையாயினும், ஆராய்ச்சியாயினும், கணினி நிரலாயினும், நம்முள் ஒவ்வொருவரிடத்தும் முடியாத பெருங்காரியம் ஒன்று பெட்டியிற் கிடக்கின்றது. அதனை முடிக்க இன்னும் காலம் வேண்டும் என்று வருந்துவதை விடுத்து, இரண்டு நாட்களில் முடியுமளவிற்கு அதனைச் சுருக்கிப் பாருங்கள். இரவில் உறங்குங்கள். முதல் நாள் மாலைக்குள், எத்துணைச் சிறிதாயினும், பிறர் கையில் கொடுக்கத்தக்கதொன்றைச் செய்துவிடுங்கள். எஞ்சிய நேரத்தில் அதனைச் செப்பம் செய்யுங்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முன்னோர் வீடு கட்டுவோர்க்குச் சொன்னது. படைப்போர்க்கும் அது பொருந்தும்.