சுயதொழில் பாடம்: போட்டோத் தொழிலில் தவணைக் கணக்கு



கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று எந்த விசேஷம் வந்தாலும் படம் பிடிக்காமல் முடிவதில்லை. முன்பெல்லாம் டவுனில் இருந்து ஸ்டூடியோக்காரர் வருவார். ஒரு ரோலில் 36 படம், அதோடு சரி. இன்று நம் லயத்துப் பிள்ளைகளே கமரா வாங்கி இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். சந்தோஷமான விஷயந்தான். ஆனால் படம் பிடிக்கத் தெரிந்த பல பிள்ளைகளுக்குக் காசு வாங்கத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த முறை தவணைக் கணக்கைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

ஒரு தம்பியை நினைத்துக்கொள்வோம். கடன்பட்டுக் கமரா வாங்கினார். அடுத்தடுத்து மூன்று வீட்டு விசேஷம். மூன்று வீட்டிலும் ஒரே பேச்சு: "தம்பி, இப்பக் கையில காசு இல்ல. சம்பளத்துக்குத் தந்துர்றோம்." எல்லாரும் சொந்தக்காரர்கள், எப்படி மறுப்பது? தன் கைக்காசைப் போட்டு டவுனில் அல்பம் அடித்துக் கொடுத்தார். இரண்டு வீட்டில் சம்பளம் வந்தது, காசு வரவில்லை. நாலாவது கல்யாணம் வந்தபோது கமரா அடகில் இருந்தது. இப்போது அந்த வீடுகளுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தையும் இல்லை.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சரியான கணக்கு மட்டுந்தான் இல்லை.

1. முதலில் உங்கள் கைச்செலவைப் பாருங்கள்

ஒரு கல்யாணத்துக்கு 72,000 ரூபாய் பேசியதாக வைப்போம். அல்பமும் பிரிண்டும் 24,000, வாடகை லைட் 8,000, உதவிக்கு வரும் ஆளும் வாகனமும் 6,000. ஆகக் கைச்செலவு 38,000. மிச்சம் 34,000 தான் உங்கள் கூலி. கூலிக்குக் காத்திருக்கலாம். கைச்செலவுக்குக் காத்திருக்க முடியாது, கடைக்காரர் கடன் தரமாட்டார். ஆகவே உங்கள் கைச்செலவு முழுவதும் விசேஷ நாளுக்கு முன்பே வந்து சேர வேண்டும். இதுதான் இந்தப் பாடத்தின் முதல் விதி.

2. தவணையை விசேஷத்துக்கு முன்பே தொடங்குங்கள்

கல்யாணத்துக்குப் பல மாதம் முன்பே நாள் குறித்துவிடுகிறோம். அந்த மாதங்களைப் பயன்படுத்துங்கள். ஐந்து மாதம் இருந்தால், பேசும் அன்றைக்கு முற்பணம் 12,000. பிறகு ஐந்து சம்பளத்தில் மாதம் 10,000 வீதம் 50,000. அல்பம் கையில் கொடுக்கும் நாளில் கடைசி 10,000. கல்யாண நாளில் உங்களிடம் 62,000 வந்திருக்கும். வீட்டுக்காரருக்கும் நல்லது. கல்யாணம் முடிந்து கடன்காரர் வரிசையில் நிற்கும் நேரத்தில் போட்டோக் கடன் பெரிதாக இருக்காது. இதற்காக நகையை அடகு வைக்கவோ வட்டிக்கு வாங்கவோ தேவையில்லை.

3. கொழுந்து பார்த்துத் தவணை போடுங்கள்

தோட்டத்துச் சம்பளம் மாதம் பத்தாம் திகதியை ஒட்டி வருகிறது. ஆகவே தவணை நாளை 11, 12 என்று வையுங்கள். 25ஆம் திகதி என்று எழுதினால் அந்தக் காசு வராது.

எல்லா மாதமும் ஒரே சம்பளமும் இல்லை. மேற்கு மலைப்பக்கம் தை, மாசி, பங்குனி வெயிலில் கொழுந்து குறையும். ஊவாப் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் காய்ச்சல். கொழுந்து குறைந்தால் பேரும் குறையும், சம்பளமும் குறையும். அப்படி இரண்டு மாதம் இடையில் வந்தால் அந்த இரண்டுக்கும் 7,000, மற்ற மூன்று மாதத்துக்கும் 12,000 என்று போடுங்கள். கூட்டிப் பாருங்கள், அதே 50,000 தான்.

4. திடீர் விசேஷம் வந்தால்

பெரிய பிள்ளை ஆகிற நாளை யாரும் முன்கூட்டிக் குறிக்க முடியாது. சடங்குக்கு 30,000 பேசி, உங்கள் கைச்செலவு 13,000 என்றால், அந்த 13,000ஐ சடங்குக்கு முதல் வாங்கிவிடுங்கள். மிச்சம் 17,000ஐ 6,000, 6,000, 5,000 என்று மூன்று சம்பளத்தில் வாங்கலாம். முதல் வாரமே பத்துப் படத்தைப் போனில் அனுப்புங்கள். வீட்டில் பாட்டி பார்க்க ஆசைப்படுவார். இரண்டாம் தவணை வந்ததும் அல்பத்தை அடிக்கக் கொடுங்கள். கடைசித் தவணையோடு அல்பம். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் "அல்பத்தைப் பிடிச்சு வச்சிருக்கான்" என்ற பேச்சு வரும்.

சின்னப் படம், ஒரு பிரிண்ட், லெமினேட் போன்றவற்றுக்குத் தவணை வேண்டாம். கைக்காசுக்கே செய்யுங்கள்.

5. சொந்தமானாலும் எழுதி வையுங்கள்

ஒரு கொப்பித் தாள் போதும். இரண்டு பிரதி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- மொத்தத் தொகை, முற்பணம், ஒவ்வொரு தவணையின் தொகையும் திகதியும்
- எத்தனை படம், எத்தனை பக்க அல்பம், எப்போது கிடைக்கும்
- விசேஷம் தள்ளிப்போனால் அல்லது நின்றுபோனால் எவ்வளவு திருப்பித் தருவது
- படம் பிடிப்பவர் வர முடியாமல் போனால் என்ன செய்வது

வாங்கும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் அவர் வீட்டுப் பிள்ளை முன்னால் வாசித்துக் காட்டுங்கள்.

6. முற்பணம் இன்னும் உங்கள் காசு ஆகவில்லை

வேலை முடியும்வரை அது வீட்டுக்காரரின் காசு. அதை வீட்டுச் செலவில் போட்டுவிட்டால் அல்பம் அடிக்கும்போது கை வெறுமை. தனியாக ஒரு சேமிப்புக் கணக்குப் போடுங்கள். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபாலகத்திலும் நடத்தலாம். ஒரே நேரத்தில் மூன்று, நாலு தவணைக் கணக்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

7. மானத்தோடு கேளுங்கள்

பிரட்டுக் களத்திலும் கோயிலிலும் நாலு பேர் முன்னால் காசு கேட்கக் கூடாது. தவணைக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்குப் போய், "அக்கா, பன்னிரண்டாந் தேதி தவணை, ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொன்னால் போதும். வருத்தம், மரணம் என்று கஷ்டம் வந்த வீட்டில் தவணையைக் குறைத்து வாங்குங்கள். அடியோடு விட்டுவிட வேண்டாம். ஆயிரம் ரூபாயாவது வந்தால் கணக்கு உயிரோடு இருக்கும். புதுத் திகதியை இரண்டு தாளிலும் எழுதுங்கள்.

வாங்குகிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளையின் கமராதான் அவர் கவ்வாத்துக் கத்தி. அது அடகுக்குப் போனால் நம் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் டவுனைத்தான் தேட வேண்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. மேலே சொன்ன தம்பி முதல் வீட்டில் என்ன பேசியிருக்க வேண்டும்?
2. 45,000 ரூபாய் வேலை, கைச்செலவு 20,000, விசேஷத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. தவணையை எப்படிப் பிரிப்பீர்கள்?
3. கல்யாணம் நின்றுபோனால் முற்பணத்தில் எவ்வளவைத் திருப்பிக் கொடுப்பது நியாயம்?

கொப்பியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தையலுக்கும் பந்தல் வாடகைக்கும் இதே கணக்குத்தான்.