பிண்ணாக்கைக் கூட்டும் முன்

அன்புத் தம்பிக்கு,

கால்நடை மருத்துவப் படிப்பை முடித்து, காவிரிப் பாசன ஊர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த செய்தி கிடைத்தது. மிகவும் மகிழ்ந்தேன். நெல் விளையும் பகுதி. நீ பார்க்கப்போகும் மாடுகளில் பெரும்பாலானவை வைக்கோலை நம்பி வாழ்பவை.

"பால் குறைஞ்சிடுச்சு சார், பிண்ணாக்கைக் கூட்டட்டுமா?" என்று கேட்பார்கள். உடனே தலையாட்டாதே. நாள் முழுக்க அந்த மாடு என்னதான் தின்கிறது என்று பார். 400 கிலோ எடையுள்ள கறவைக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். அசையூண் வயிற்றில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக, மொத்தத் தீவனத்தில் ஏறக்குறைய 7 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வைக்கோல் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். மாடு மேற்கொண்டு தின்னாது. விலா எலும்பு தெரிவதைப் பார்த்து எரிசக்திக் குறைவு என்பாய். அதன் வேர் புரதக் குறைவில் இருக்கும். வரப்பில் வேலிமசாலும் அகத்தியும் போடச் சொல். அவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் அதே வைக்கோலை மாடு கூடுதலாகத் தின்னும்.

இதற்கு நேர்மாறாக, பிண்ணாக்கை அளவுக்கு மீறி வைக்கும் வீடும் உண்டு. கடலைப் பிண்ணாக்கில் 40 சதவீதத்துக்கும் மேல் புரதம். நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக உடைக்கின்றன. அதைத் திரும்பத் தம் உடம்பில் சேர்த்துக்கொள்ள அதே நேரத்தில் மாவுச்சத்து கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அமோனியா ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் யூரியாவாகி, மூத்திரத்தில் போய்விடும். அப்படி மாற்றுவதற்கே மாடு எரிசக்தியைச் செலவழிக்கிறது. கடன் வாங்கிப் பிண்ணாக்கு வாங்கியவர்களின் பணம் சாக்கடையில் ஓடுவது எனக்குத் தாங்க முடியாத வேதனை. சினை நிற்காமல் போவதற்கும் இப்படி மிஞ்சும் புரதம் ஒரு காரணம். இப்படிப்பட்ட மாட்டுக்குப் பிண்ணாக்கைக் குறைத்து, அரைத்த மக்காச்சோளம் சேர்.

அதையும் மெதுவாகச் சேர். மாவு திடீரென்று கூடினால் வயிறு புளிக்கும். பொங்கல் மறுநாள் சோறும் பொங்கலும் அள்ளித் தின்ற மாடு அசைபோடாமல் நிற்பதாக உனக்கு அழைப்பு வரும். அது அவசரம், தாமதிக்காதே.

கன்று ஈன்ற முதல் இரண்டு மாதம் தனிக்கவனம் வேண்டும். பால் ஏறும் வேகத்துக்கு மாட்டின் தீனி ஏறாது, உடம்புக் கொழுப்பு கரையும். மிகவும் இளைத்த மாடு பருவத்துக்கு வரத் தாமதிக்கும்.

பசுந்தீவனத்துக்கு வழியில்லாதவர்களுக்கு யூரியா வைக்கோலைக் கற்றுக்கொடு: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். எடுத்ததும் நெடி போக ஆறவிட்டே போட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியாவைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்துவிடக் கூடாது என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்.

தீவனம் வைப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான். பேச்சை அவரிடமிருந்து தொடங்கு. கையோடு ஒரு தராசு கொண்டுபோ. "ரெண்டு படி வைக்கிறேன்" என்றால் அந்தப் படியை நிறுத்துப் பார். தவிடும் மக்காச்சோளமும் ஒரே படியில் ஒரே எடை நிற்காது.

அன்புடன்,
உன் அண்ணன்