மறுபடி படிப்பாயா?

புக்கிட் மெர்தாஜாம்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். பாட்டிக்கு முட்டிவலி மட்டுப்பட்டிருக்கிறது. இன்று காலை பக்கத்துக் கடைவரை தானே நடந்து போய் ரொட்டி சானாய் வாங்கி வந்துதான் பசியாறினார். நாலு நாளாகச் சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது. மலை முழுக்க மேகத்துக்குள் போய்விடுகிறது.

போன வாரம் போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "புதன்கிழமை வந்தா புதுசு புதுசா வந்து நிக்குது மாமா. எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னே தெரியல. எடுத்ததுல பாதிய இன்னும் பிரிக்கவே இல்ல" என்றாய். குரலில் ஒரு சலிப்பு இருந்தது. பகுதி நேர வேலை பார்த்துச் சம்பாதிக்கும் காசில் வாரம் ஐம்பது வெள்ளியைக் காமிக்ஸுக்கென்று எடுத்து வைக்கிறாய். அது சலிப்பாக மாறுவது எனக்குப் பொறுக்கவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழாது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

காமிக்ஸை விட்டுவிட்டுப் பாடத்தைப் பார் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தமிழை வாசிக்கப் பழக்கியதே காமிக்ஸ்தான். 1984 ஜூலையில் எனக்குப் பதினான்கு வயது. அந்த ஒரே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் ராணி காமிக்ஸும் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் தொடங்கின. லயனின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. இங்கே வந்து சேர மாதங்கள் பிந்தும். அப்பா பால்மரம் வெட்டப் போவார். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு பத்திரிகைக் கடைக்கு என்னைக் கூட்டிப்போவார். ஒரு இதழ் வாங்கலாம். ஒன்றுதான். அடுத்த சம்பளம் வரை அதுவே துணை. லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரே கதையைப் பத்துத் தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை கதை தெரியும். மூன்றாம் தடவை படம் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாம் தடவை, ஓவியர் ஒரு கட்டத்தில் எதை வரையாமல் விட்டார் என்பது தெரியும்.

அந்த வறுமை உனக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கடையில் நின்றபோது நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இன்றைக்கும் உனக்கு உதவும்: இதை மறுபடி படிப்பேனா? ஒரே ஒரு இதழ் வாங்க முடிகிறவன் வேறு எதைக் கேட்பான்? புதன்கிழமை கடைக்குள் நுழையும்போது இதை மனத்தில் வைத்துக்கொள். நான் எழுதப்போகிற மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில், 'புதுசு' என்ற சொல்லுக்குப் பயப்படாதே. இந்த வாரம் வந்ததை இந்த வாரமே படிக்காவிட்டால் எதையோ இழந்துவிட்டதாக உனக்குத் தோன்றுகிறது. இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள். லண்டனில் 'வேலியண்ட்' வார இதழில் 1962-ல் தொடங்கிய கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவன், இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் தாக்கினால் அந்தக் கை மட்டும் தெரிய உடம்பு மறைந்துவிடுகிறவன். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. அது முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழில் வந்தது 1972-ல், பத்து வருஷம் கழித்து. என் கைக்கு அது வர இன்னும் பல வருஷம் ஆனது. நான் பிரித்தபோது அது எனக்கு அன்றைக்கு அச்சான கதைதான். நல்ல கதை காத்திருக்கும், மருமகனே. அவசரமெல்லாம் விற்கிறவருக்குத்தான்.

அடுத்து, கணக்கு. அமெரிக்க இதழ் ஒன்று நாலு, ஐந்து டாலர். உன் கைக்கு வரும்போது இருபது வெள்ளியைத் தொட்டுவிடுகிறது. உள்ளே கதை இருப்பது இருபது, இருபத்திரண்டு பக்கம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுவும் பாதியில் நிற்கும். அதே கதையின் ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துச் சில மாதங்களில் ஒரே நூலாகப் போட்டுவிடுகிறார்கள். தனித்தனியாக வாங்கும் விலையைவிட அது பெரும்பாலும் குறைவு. ஆகவே காத்திருக்க முடிகிற கதைக்குக் காத்திரு. ஒரே இதழை நாலு அட்டையில் போட்டால் ஒன்றை மட்டும் எடு. உள்ளே இருப்பது ஒரே கதை. ஒரு பெரிய 'நிகழ்வு' அறிவித்து, அதைப் புரிந்துகொள்ள வேறு பத்துத் தொடரையும் வாங்கச் சொன்னால், அந்தப் பத்தையும் கீழே வைத்துவிட்டுத் தலைமைக் கதையை மட்டும் படித்துப் பார். அது தனியாக நிற்காவிட்டால் அந்தப் பத்தும் அதைத் தாங்கப்போவதில்லை.

சரி, எடுப்பது எதை? அட்டையில் இருக்கும் வீரனைப் பார்த்து எடுக்காதே. எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் பார். வீரன் நிறுவனத்தின் சொத்து, மாதத்துக்கு ஒருவர் கையில் மாறலாம். லக்கி லூக்கை உருவாக்கியவர் மோரிஸ், 1946-ல். ஆனால் 1955-லிருந்து அதற்குக் கதை எழுத கோஸினி வந்த பிறகுதான் அதன் சிரிப்பு வேறு உயரத்துக்குப் போனது. அதே கோஸினிதான் ஆஸ்டெரிக்ஸையும் எழுதியவர். இன்னொரு பெயர் சொல்கிறேன்: வான் ஹாம், பெல்ஜியத்துக்காரர். நினைவிழந்து கரையொதுங்கிய மனிதனைப் பற்றிய 'இரத்தப் படலம்' அவர் எழுத்து. தோர்கலும் அவருடையதே, லார்கோ வின்ச்சும் அவருடையதே. ஒன்றில் உளவுச் சதி, ஒன்றில் ஸ்காண்டிநேவியப் புராணம், ஒன்றில் கோடிக்கணக்கான பணம். மூன்றையும் வரைந்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். மூன்றும் தமிழில் வந்திருக்கின்றன. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால் அடுத்த ஐந்து வாரத்துக்குத் தேடும் வேலை இல்லை. உன் பழைய குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபடி படித்த கதைகளின் எழுத்தாளர், ஓவியர் பெயர்களை எழுதி வை. நாலு மாதத்தில் அது எந்த விளம்பரத்தையும்விட நம்பகமான பட்டியல் ஆகிவிடும்.

புதிய தொடர் என்றால் மூன்று அத்தியாயம் தா. அதற்குள் உனக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு, குற்ற உணர்ச்சி வேண்டாம். இருபது இதழ் வாங்கிவிட்டோமே என்று இருபத்தொன்றாவதை வாங்குவதுதான் தவறு. அந்தத் தவறை நான் வருஷக்கணக்கில் செய்தேன். பிடிக்காமல் போன ஒரு தொடரைப் பழக்கத்துக்காகவே வாங்கி அடுக்கினேன். ஒருநாள் அலமாரியைத் திறந்தால், நான் பிரித்தே பார்க்காத அடுக்கைக் கரையான் தின்றிருந்தது. போன இதழ்களுக்காக நான் வருந்தவில்லை. அந்தக் காசில் வாங்காமல் விட்ட நல்ல கதைகளை நினைத்துத்தான் வருந்தினேன்.

மூன்று அத்தியாயம் பார்க்கக் காசும் வேண்டாம். ஜப்பானிய ஷோனென் ஜம்ப் வார இதழின் கதைகளை ஷூயேஷா நிறுவனமே மங்கா பிளஸ் என்ற செயலியில் 2019-லிருந்து தருகிறது. தொடரின் முதல் மூன்று அத்தியாயமும் கடைசி மூன்று அத்தியாயமும் இலவசம். ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் நேரம் நமக்கு ஞாயிறு இரவு பதினொரு மணி, அப்போதே புது அத்தியாயங்கள் வந்துவிடும். அதில் பார்த்து, பிடித்ததை மட்டும் நூலாக வாங்கு. ஷோனென் ஜம்ப் இதழில் ஒரு வழக்கம் உண்டு. வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைகளுக்கு வாக்களிப்பார்கள். தொடர்ந்து அடியில் கிடக்கும் தொடரை நிறுத்திவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளையின் வாக்குக்கும் அங்கே கணக்கு உண்டு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உன் தேர்வு உன்னோடு முடிவதில்லை. அமெரிக்கக் கடைகள் பெரும்பாலும், விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாத ஏற்பாட்டில்தான் இதழ்களை வாங்குகின்றன. முன்கூட்டியே எத்தனை பேர் கேட்கிறார்களோ அதை வைத்துத்தான் சிறிய தொடர்களின் ஆயுள். சிவகாசியிலும் அதே நிலைதான். லயனும் முத்துவும் இன்றைக்கும் வருவது சந்தா கட்டுகிறவர்களாலும் புத்தகத் திருவிழாவில் தேடி வந்து வாங்குகிறவர்களாலும். ராணி காமிக்ஸ் இருபது வருஷத்துக்கு மேல் வந்து 2005-ல் நின்றே போனது. வௌவால் மனிதன் நீ வாங்காவிட்டாலும் அடுத்த மாதம் வருவான். தமிழில் டெக்ஸ் வில்லர் வருவதற்கு உன்னைப் போன்ற சில ஆயிரம் கைகள்தான் வேண்டும். ஆகவே மாதத்தில் ஒரு வாரத்துக் காசைத் தமிழ்ச் சந்தாவுக்கு ஒதுக்கு. டெக்ஸ் கதைகள் 1948-லிருந்து இத்தாலியில் வருகின்றன. பல கதைகள் ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும் என்பதால் புதிதாக நுழைகிறவனுக்கு அது நல்ல வாசல்.

இதே காரணத்தால், திருட்டுத்தனமாக வலையேற்றிய நகலைப் படிக்காதே. சிறிய பதிப்பாளர் ஒருவர் உரிமைக்குப் பணம் கட்டி, மொழிபெயர்த்து, அச்சடித்துக் கொண்டுவந்ததை இரண்டே நாளில் யாரோ இலவசமாக ஏற்றிவிடுகிறார். "நல்லா இருந்தா அப்புறம் வாங்கிக்கலாம்" என்கிறவர்கள் அப்புறம் வாங்குவதில்லை. நீ அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இதில் மட்டும் மாமா கண்டிப்பாகவே சொல்கிறேன்.

நம் நாட்டையும் மறக்காதே. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது எக்ஸ்-வெஞ்சர் புத்தகங்களை நீ கைமாற்றிக் கைமாற்றிப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. அது சிறு பிள்ளைகளுக்கானது என்று இப்போது ஒதுக்கிவிட்டாய். ஒதுக்கு, சரி. ஆனால் லாட் வரைந்த 'கம்போங் பாய்' 1979-ல் வந்தது, உனக்கு அது புதுசு. பேராக் மாநிலத்துக் கம்பத்தில், ஈயம் தோண்டும் கப்பலின் சத்தத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு பையனின் கதை. வண்ணம் இல்லை, வெறும் கறுப்பு மைக் கோடு. ஆனால் ஆற்றங்கரைப் பக்கம் வரும்போது தண்ணீரின் குளிர்ச்சி தெரியும். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் பையன் அந்நியன் இல்லை. அடுத்து 1981-ல் வந்த 'டவுன் பாய்'. அதில் அவன் ஈப்போவுக்குப் போய் நண்பன் ஒருவனைக் கண்டுபிடிக்கிறான். ஊரை விட்டுக் கோலாலம்பூர் போயிருக்கும் இந்த வயதில் நீ படிக்க வேண்டியது அதுதான்.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை நாம் போனது நினைவிருக்கிறதா? நம் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ஏறி, புக்கிட் தெங்கா தாண்டிப் பட்டர்வொர்த்தில் இறங்கி, காரெல்லாம் ஏற்றிப்போகும் அந்தப் பழைய பெர்ரியில் தீவுக்குப் போய், சௌரஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தோம். உன் கையில் பத்து வெள்ளி கொடுத்தேன். நீ ஒரு மணி நேரம் நின்றாய். எடுத்தாய், முதல் பக்கம் பார்த்தாய், நடுவில் ஒரு பக்கம் பார்த்தாய், வைத்தாய். கடைக்காரர்கூடப் பொறுமை இழந்தார். கடைசியில் மூலை மடிந்த இரண்டு புத்தகத்தோடு வந்தாய். இரண்டையும் அந்த வருஷம் முழுக்கப் படித்தாய். தேர்ந்தெடுக்க உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. ஐம்பது வெள்ளி வந்த பிறகு அந்த நிதானம் எங்கோ நழுவிவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்.

ஆகவே வரும் புதன்கிழமை கடைக்குப் போகாதே. அறையில் பிரிக்காமல் கிடக்கிறதே, அந்த அடுக்கை எடு. ஒவ்வொன்றிலும் ஐந்து பக்கம் படி. பிடிக்காததை அறைத் தோழனுக்குக் கொடுத்துவிடு. பிடித்ததை முடி. முடித்ததில் எதை மறுபடி எடுக்கத் தோன்றுகிறதோ அதன் எழுத்தாளர் பெயரைக் குறிப்பேட்டில் எழுது. அதற்கடுத்த புதன்கிழமை அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு கடைக்குப் போ.

தீபாவளிக்கு வரும்போது நீ இரண்டு தடவை படித்த ஒரே ஒரு புத்தகத்தை எனக்குக் கொண்டுவா. நான் படித்துவிட்டு உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் செய்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்