பால் ஊற்றி மறைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை ஒரு கார் ஷெட் தரை என்று எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். பெருக்கப் பெருக்கப் பொடி வருகிறது, நடுவில் ஜல்லி தெரிகிறது, வீட்டுக்காரர் கண்ணாடி மாதிரி வேண்டும் என்கிறார், சிமெண்ட் பால் ஊற்றி இழுத்துவிடட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பால் காய்ந்த அன்று தரை அழகாகத்தான் இருக்கும். கூலியும் கைக்கு வந்துவிடும். ஆனால் மணலே சேராத சிமெண்ட் காயும்போது நிறையச் சுருங்கும். மெல்லிய வெடிப்புகள் தாறுமாறாக ஓடும். அது பிடித்துக்கொண்டு நிற்பதும் ஏற்கெனவே பொடியாகிக்கொண்டிருக்கிற தரையை. வீட்டுக்காரர் வண்டியை நின்ற இடத்திலேயே வைத்து ஸ்டியரிங்கைத் திருப்புவார். வண்டியின் பாரம் இறங்கியிருக்கிற முன் டயர், தரையை அப்படியே திருகும். பூசிய பால் செதில் செதிலாகக் கிளம்பிவிடும்.

தரை ஏன் இப்படி ஆனது என்று முதலில் பார். கான்கிரீட் கொட்டி மட்டப்பலகையால் இழுத்ததும் ஜல்லியும் மணலும் கனத்தால் கீழே அமரும், தண்ணீர் மேலே ஊறி வந்து நிற்கும். அந்தத் தண்ணீர் தானாக வற்றும்வரை கரணை தரையில் படக்கூடாது. நம் ஆட்களுக்கு அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். பொழுது சாய்கிறது, கூலி கொடுத்து ஆளை அனுப்ப வேண்டும். உடனே சிமெண்டை அள்ளித் தண்ணீர்மேல் தூவி, அது உறிஞ்சியதும் அழுத்தித் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். மேலே தண்ணீர் மிகுந்த, வலுவற்ற ஒரு தோல் உட்கார்ந்துகொள்கிறது. சிமெண்டுக்குத் தண்ணீர் கூடக் கூட வலு குறையும் என்பதை அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சோதித்து எழுதிவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் நம் வேலையிடங்களில் "இன்னொரு குடம் விடு" என்ற குரல் ஓயவில்லை. எனக்கு இது மனத்தாங்கலாகவே இருக்கிறது.

ஆகவே அந்தத் தோலை எடுப்பதுதான் உன் முதல் வேலை. சேர்ப்பது பிறகு. ஒரு ஆணியால் அழுத்திக் கீறிப் பார். கோடு ஆழமாக விழுந்து மாவு கிளம்பினால் அந்த இடம் போக வேண்டியதுதான். கம்பியால் தட்டிக்கொண்டே தரை முழுக்க நட. வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடு. சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். உள்ளே இறங்காமல் முத்தாக நின்றால் எஞ்சின் ஆயில் குடித்த இடம். வாஷிங் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி, திரும்பவும் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இழைக்கிற மிஷினை இறக்க வேண்டும். இல்லையென்றால் மிஷின் எண்ணெயைத் தரை முழுக்க இழுத்துவிடும். ஆசிட் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே. புகை நெஞ்சை அடைக்கும், சரியாகக் கழுவாவிட்டால் அதன் உப்பு துவாரங்களில் தங்கி, மேலே போடுவது ஒட்டாமல் போகும்.

மொசைக் தரை இழைக்கிறவர்கள் உன் ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களுடைய மிஷினையே வாடகைக்குப் பேசு. முரட்டுக் கல்லில் தொடங்கி, மணல் கெட்டியாகப் பிடித்து நிற்கிற தளம் வரும்வரை இழை. பிறகு ஒருமுறை சன்னமான கல். அதோடு நிறுத்திக்கொள். கார் ஷெட்டுக்கு அதற்குமேல் பளபளப்பு ஆகாது. மழை நாளில் நனைந்த டயரோடு ஸ்கூட்டர் உள்ளே வரும், ஈரச் செருப்போடு வயதானவர்கள் நடப்பார்கள். வீட்டுக்காரரிடம் இதைத் தெளிவாகச் சொல். கண்ணாடி மாதிரி கேட்கிறவரும் வழுக்கி விழுவதைக் கேட்கவில்லை.

இழைக்கும்போது தண்ணீர் விட்டே இழை. கான்கிரீட்டின் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. முகத்தில் கட்டுகிற துண்டு அதைத் தடுக்காது. மூலையில் கை கிரைண்டர் பிடிக்கிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் கூட்டி அள்ளுகிற சித்தாள் அக்காவுக்கும் என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடு. அந்தச் செலவை முதலிலேயே மதிப்பீட்டில் எழுது. ஈரத்தில் கரண்ட் மிஷின் ஓடுகிறது. மின்கசிவு கண்டதும் துண்டிக்கிற பிரேக்கர் இல்லாத வீட்டில் பிளக்கைச் சொருகாதே. இழைத்த சேற்றைச் சாக்கடையில் விடாமல் வழித்து அள்ளு, குழாய்க்குள் போய் இறுகிவிடும்.

இப்போது பள்ளங்கள். பள்ளத்தின் ஓரம் சரிந்து சரிந்து ஒன்றுமில்லாமல் முடிந்தால், நீ வைக்கிற கலவையும் ஓரத்தில் அப்படித்தான் முடியும். முதலில் உடைவது அந்த மெலிந்த ஓரம். ஓரத்தைக் கட்டர் வைத்து நேராக வெட்டிச் சதுரமாக்கு. உள்ளே கொத்திவிட்டுத் தூசியில்லாமல் கழுவு. இரவெல்லாம் நனைத்து வை. காலையில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடு. தரை ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்ற ஒட்டுத் திரவம் கலந்த சிமெண்ட் பாலைப் பிரஷ்ஷால் தேய்த்து, அது காயும் முன்னே கலவையை வைத்து அமுக்கு. பால் பயன்படுகிற இடம் இதுதான்: நடுவில் பசையாக, மேலே போர்வையாக அல்ல. பழைய தரையில் விட்டிருக்கிற ஜாயிண்டுகளை அடைத்துவிடாதே. அடைத்தால் அதே இடத்தில் வெடித்துக் காட்டும்.

தரை முழுக்கவே வெற்றுச் சத்தம் கேட்டால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. உடைத்தெடுத்துப் புதிதாகப் போடுவதுதான் நேர்மை. அப்படிப் போட்டால் வெளிவாசல் பக்கம் வாட்டம் வை, ரசமட்டத்தில் இரண்டு முறை பார். கோடையில் வேலையை மதியம் தொடங்காதே, விடியலில் போடு. மினுமினுப்பு மறைந்து, மேலே ஏறி நின்றால் கால் லேசாக மட்டுமே பதிகிற நேரத்தில் தேய்க்கிற மணியாஸ் கட்டையை எடு. கரணை அதற்கும் பிறகு. அன்றைக்கு அது மூன்று மணி நேரமாகலாம், ஐந்தாகவும் ஆகலாம். காற்றும் வெயிலும் முடிவு செய்கிற நேரம் அது, நீ பக்கத்தில் உட்கார்ந்திரு.

பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயிலில் 10 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. கடையில் இப்போது அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. அதற்கு 10 நாளுக்குக் குறையக் கூடாது, 14 வரை போவது நல்லது. காரை 28 நாள் வெளியே நிறுத்தச் சொல்.

இழைத்த தரையில் பொடி இன்னும் லேசாக வந்தால் சிலிக்கேட் ஹார்டனர் அடி. சிமெண்டில் மிஞ்சியிருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து துவாரங்களுக்குள்ளேயே இறுகும். மேலே படலமாக நிற்காததால் உரிய ஒன்றுமில்லை. எபாக்சி பூச்சு பற்றியும் கேட்டிருந்தாய். ஓடி வந்த டயரின் சூடு, சரியாக ஒட்டாத எபாக்சியைப் பிடித்து இழுத்துவிடும். மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் அடியிலிருந்து தள்ளும். ஆகவே விலை பேசுவதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வா. மறுநாள் பிரித்துப் பார்த்து, ஷீட்டின் அடியில் நீர் கோத்திருக்கிறதா, தரை கறுத்திருக்கிறதா என்று எனக்கு எழுது. அதுவரை வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் வாங்காதே.

அன்புடன்,
உன் பழைய மேஸ்திரி