காட்டு என்று சொன்னேன்

ஆனேக்கல்

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. நீ தயாரித்த மனுவைப் படித்தேன். சீனியர் கொடுத்த பழைய மாதிரியில் ‘மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுலி ஷோவெத்’ என்ற இடத்தில் எஸ், ஹெச் அடுத்து ‘இ’ இருந்ததாம், பிழையென்று திருத்தினாயாம். அது பிழை இல்லை, கண்ணு. ‘ஷோ’ என்ற சொல்லை முன்காலத்தில் ‘ஓ’ வரும் இடத்தில் ‘இ’ போட்டும் எழுதினார்கள். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அந்த எழுத்தைப் பார்க்கலாம். 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில், வாயில் வருகிறபடியே எழுதலாம் என்று ‘ஓ’வை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் பெர்னார்ட் ஷா பழையபடியே எழுதினார். நம் கோர்ட்டு மனுக்களில் இன்றும் அது வருகிறது. 1978-இல் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ஓசூரில் படித்து முடித்தவன் நான். இந்தக் கடிதத்தில் நான் எழுதும் ‘லை’க்குத் தும்பிக்கை இருக்கும். அதைப் பிழை என்பாயா?

எழுத்து போகட்டும். கட்சிக்காரருக்காக நீ தமிழில் மொழிபெயர்த்த நோட்டீஸில் ‘ஷோ காஸ்’ என்பதற்குக் ‘காரணம் காட்டவும்’ என்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஷோ’ என்ற சொல்லுக்குப் ‘பார்’ என்றே பொருள். பார்ப்பது பின்னால் பார்க்கவைப்பதாக மாறியது. நாம் காண், காட்டு என்று இரண்டு வைத்திருக்கிறோம். அங்கே ஒரே சொல் திரும்பி நின்றுவிட்டது. இன்று டிக்கெட்டைக் காட்டுவதும் அதுதான், விருந்தாளியை அறைக்கு அழைத்துப்போவதும் அதுதான். சட்டையில் கறை தெரிந்தாலும், கணக்கில் நஷ்டம் வந்தாலும் அதே சொல். கோர்ட்டில் அதற்கு நிரூபி என்றும் பொருள் வரும். நம் ‘காட்டு’ மட்டும் லேசா? சாமிக்குச் சூடம் காட்டுகிறோம், குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுகிறோம், கடன்காரனுக்குப் போக்குக் காட்டுகிறார்கள். ஆனால் ஆங்கிலச் சொல் போகிற இடத்துக்கெல்லாம் இது போகாது.

நான் கோர்ட்டு வாசலில் டைப்ரைட்டர் வைத்திருந்த காலம். ராகி விளைவிக்கிற ஒரு பெரியவர் ஆங்கில நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து என்னவென்று கேட்டார். என் கையில் அவசர வேலை. ‘ஷோ காஸ்’ என்பதைப் பார்த்துவிட்டு, “காரண தோர்ஸ்பேக்கு”, காரணம் காட்ட வேண்டும், என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டேன். காட்ட வேண்டுமென்று சொன்னதால் காட்டுவதற்கு வேண்டியதைத் தேடப் போயிருக்கிறார் மனிதர். சில வாரம் கழித்து வந்து, துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக என் மேஜைமேல் வைத்தார். பஹணி என்கிற நிலப் பதிவேட்டின் நகல், கந்தாய (நிலவரி) ரசீதுகள், பிளாஸ்டிக் உறையில் அவர் அப்பாவின் போட்டோ. எல்லாம் சரியாக இருந்தன. எழுத்தில் பதில் தர வேண்டிய கெடு மட்டும் முடிந்துபோயிருந்தது. பதிலே வரவில்லை என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அப்பீலுக்கு அவர் அலைந்த அலைச்சல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் சொன்ன கன்னடத்தில் தப்பில்லை. அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

கன்னடப் பத்திரிகைகள் இதை ‘காரண கேளி நோட்டீஸ்’ என்று எழுதுகின்றன. யோசித்துப் பார், எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பு! காட்டு என்பதை விட்டுவிட்டு, கேட்கிறார்கள் என்று திருப்பிவிட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது யாருக்கும் புரியும். தமிழிலும் ‘விளக்கம் கேட்டு நோட்டீஸ்’ என்கிறோம். வினைச்சொல் வந்தால் அகராதியைத் திறப்பதற்கு முன்னால், யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று உன்னையே கேட்டுக்கொள்.

மனுவில் அந்தப் பழைய எழுத்தை நீ மாற்றியது இருக்கட்டும், இரண்டும் செல்லும். நோட்டீஸில் உள்ள வரியை மட்டும் அடித்துவிட்டு இப்படி எழுது: ‘உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.’ கீழே கடைசித் தேதியைப் பெரிதாகப் போடு. கட்சிக்காரர் கையில் கொடுக்கும்போது ஒருமுறை வாசித்தும் சொல்லு.

அன்புடன்,
தாத்தா